கண்ணுக்குமா தரை டிக்கெட்?

டூரிங் டாக்கீஸில் படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். தரைக்கு ஒரு விலை, பெஞ்சுக்கு ஒரு விலை, நாற்காலிக்கு ஒரு விலை. ஆனால் திரையில் ஓடுகிற படம் எல்லோருக்கும் ஒன்றுதான். தரையில் உட்காருகிறவனுக்கு எம்.ஜி.ஆரின் பாதி முகம்தான் தெரியும் என்று எந்தக் கொட்டகைக்காரனும் சொன்னதில்லை. இன்று கண் வைத்தியத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள்!

சென்னீர்குப்பத்தில் ஒரு தாய். வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. நாற்பது வருஷம் நடவு நட்டவர். பூவிருந்தவல்லியைச் சுற்றியிருந்த வயல்கள் பிளாட்டுகளாகவும் கிடங்குகளாகவும் ஆன பிறகு, மிச்சமிருக்கும் தோட்டங்களில் கீரை பறிக்கிறார். ராத்திரியில் பூ கட்டுகிறார். இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. கீரையோடு புல்லையும் சேர்த்துக் கட்டுகிறார் என்று தோட்டக்காரர் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். மகன் அம்பத்தூர் எஸ்டேட்டில் காண்டிராக்டரிடம் வேலை செய்கிறவன். தாயைக் கூட்டிக்கொண்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனான். பெயர் வேண்டாம். இது ஒரே ஒரு ஆஸ்பத்திரியில் நடக்கிற கூத்து அல்ல.

டாக்டர் ஐந்து நிமிஷம் பார்த்தார். பிறகு "கவுன்சிலரைப் பாருங்கள்" என்று அனுப்பினார்கள். அந்த அம்மாள் நம் வார்டு கவுன்சிலர்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று எண்ணி, தெருவில் தண்ணீர் வராததைச் சொல்லிவிடலாம் என்று புடவையைச் சரிசெய்துகொண்டு போனாராம். உள்ளே இருந்தது ஒரு சிறு பெண். கையில் ஒரு விலை அட்டை. பதினெட்டாயிரம், நாற்பதாயிரம், எண்பத்தைந்தாயிரம். தரை, பெஞ்சு, நாற்காலி!

"பதினெட்டாயிரம் லென்ஸ் போட்டா கண்ணு தெரியாதாம்மா?" என்று மகன் கேட்டிருக்கிறான்.

"தெரியும் சார். ஆனா அம்மாவுக்கு நல்லதா செய்யணும்னு உங்களுக்கு ஆசை இருக்கும் இல்லையா?"

இந்தப் பதிலைப் படிக்கும் தோழர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். அந்தப் பெண்ணை நாம் குறை சொல்லவில்லை. அவளும் மாதச் சம்பளத்துக்கு நாள் முழுக்க நிற்கிற தொழிலாளிதான். அவள் வாயில் இந்த வார்த்தையை வைத்தவன் யார்? லென்ஸின் குணம் என்ன, குறை என்ன என்று ஒரு சொல் இல்லை. பிள்ளையின் பாசத்தை எடைக்கல்லாக வைத்துச் சரக்கை நிறுக்கிறார்கள்!

மகன் எண்பத்தைந்தாயிரத்துக்குத் தலையாட்டிவிட்டு வந்தான். தாயின் கம்மலும் தன் மனைவியின் செயினும் அடகுக்கு. மிச்சத்துக்கு வாரவட்டிக் கடன். ஜாமீன் கையெழுத்துக்கு ஆள் தேடி நம் ஆபீசுக்கு வந்தான்.

"அண்ணே, நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

"போடறது இருக்கட்டும் தம்பி. அம்மா என்ன வேலை செய்யறாங்கன்னு ஆஸ்பத்திரியிலே யாராவது கேட்டாங்களா?"

அவன் விழித்தான். கேட்கவில்லை. விலையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த ஒரு கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

லென்ஸ் என்பது என்ன?

நம் கண்ணுக்குள் பிறவியிலேயே ஒரு வில்லை இருக்கிறது. வயதாக ஆக அது கலங்கிப் பால் போல ஆகிவிடுகிறது. அதுதான் புரை. சொட்டு மருந்தால் கரையாது, பச்சிலையால் போகாது. கலங்கிய வில்லையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செயற்கை வில்லை ஒன்றை வைக்க வேண்டும். நன்றாகப் பழுத்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்று நம் பாட்டிமார் சொன்னது அந்தக் காலத்து வைத்தியத்துக்குச் சரி. இன்று அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. முற்றிப்போனால் புரை கல்லாக இறுகும். கண்ணில் அழுத்தம் ஏறி உள்ள பார்வையும் போய்விடக்கூடும். 2015-லிருந்து 2019 வரை சர்க்கார் நடத்திய தேசிய சர்வேயில், ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களின் பார்வையின்மையில் 66 சதவீதத்துக்குக் காரணம் புரைதான் என்று தெரியவந்தது. அதாவது, கண் தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேரில் இரண்டு பேருக்குப் பார்வையைத் திருப்பித் தந்துவிடலாம்!

முன்பெல்லாம் புரையை எடுப்பார்கள், வில்லை வைக்க மாட்டார்கள். சோடாப்புட்டி அடிபோல் ஒரு கண்ணாடியைக் கொடுத்து அனுப்புவார்கள். அது உடைந்தால் மறுபடி குருடுதான். அந்த நிலையை மாற்றியவர் ஹெரால்டு ரிட்லி என்ற ஆங்கில டாக்டர். யுத்தத்தில் அடிபட்ட விமானிகளின் கண்ணுக்குள் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் துணுக்குகள் சிக்கியிருந்தன. கண்ணாடித் துண்டு போனால் சீழ் பிடிக்கும் கண், இந்தப் பிளாஸ்டிக்கைச் சும்மா விட்டுவிட்டது. இதைக் கவனித்த ரிட்லி அதே வகைப் பிளாஸ்டிக்கில் வில்லை செய்து, 1949 நவம்பர் 29-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் முதன் முதலாக ஒரு நோயாளியின் கண்ணில் வைத்தார். அந்த ஆஸ்பத்திரி அப்போது எது தெரியுமா? 1948-ல் பிரிட்டிஷ் தொழிலாளர் மந்திரிசபை கொண்டுவந்த இலவச தேசிய வைத்தியத் திட்டத்தின் கீழ் இருந்த ஆஸ்பத்திரி! கண்ணுக்குள் வைத்த முதல் லென்ஸுக்கு விலை அட்டை கிடையாது.

சோவியத் நாட்டில் ஸ்வியாதஸ்லாவ் ஃபியோதரவ் 1960-ல் செபக்ஸாரி நகரத்தில் ஒரு சிறுமியின் கண்ணில் லென்ஸ் வைத்தார். பாராட்ட வேண்டிய அதிகாரிகள் அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். இதை மறைக்க நமக்கு அவசியமில்லை. பத்திரிகையில் விஷயம் வெளிவந்த பிறகுதான் அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. பின்னாளில் அதே மனிதர், நோயாளிகள் படுத்த மேஜைகள் வரிசையாக நகர, ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு கட்டத்தைச் செய்கிற முறையைக் கண் ஆபரேஷனில் கொண்டுவந்தார். மில்லில் வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மதுரையில் நடந்தது

"வெளிநாட்டு லென்ஸ்தான் நல்லது. உள்ளூர் லென்ஸ் மட்டம்." விலை அட்டையின் அடியில் அச்சடிக்காமல் இருக்கும் வாசகம் இது. இதற்குப் பதில் மதுரையில் இருக்கிறது.

டாக்டர் ஜி. வெங்கடசாமி சர்க்கார் ஆஸ்பத்திரியில் பணியாற்றியவர். வாத நோயால் விரல்கள் கோணிப்போயும் அந்தக் கைகளாலேயே ஆயிரக்கணக்கான கண்களில் புரை எடுத்தவர். 1976-ல் ஓய்வு பெற்ற கையோடு 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் லென்ஸ் இறக்குமதிச் சரக்கு. ஒன்று நூறு டாலர் வரை விற்றது. இந்த விலையில் ஏழைக்கு லென்ஸ் வைப்பது எப்படி? "லென்ஸ் செய்வது பெரிய நுட்பம், உங்களால் ஆகாது" என்றவர்கள் உண்டு. 1992-ல் மதுரையில் ஆரோலேப் என்ற தொழிற்சாலை எழுந்தது. பத்து டாலர் அளவில் லென்ஸ் வெளியே வந்தது! பிறகு விலை இன்னும் இறங்கியது. மதுரைத் தொழிலாளர்கள் செய்த லென்ஸ் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.

அங்கேயே நாம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நூறு டாலர் விலை பத்து டாலர் ஆனதென்றால் மிச்சத் தொண்ணூறு டாலர் எது? பிளாஸ்டிக்கின் விலையா? அந்தப் பிளாஸ்டிக் அணுவளவு. உழைப்பின் விலையா? மதுரையில் உழைப்புக்குக் கூலி குறைவு என்பது உண்மைதான். ஆனால் தொண்ணூறு டாலருக்கு அது காணாது.

பிரெட் ஹாலோஸ் என்ற கண் டாக்டரையும் நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நியூஸிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் பணியாற்றியவர். இளமையில் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராக இருந்தவர். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் கண்ணோயைத் தேடிப் போய் வைத்தியம் செய்தார். விடுதலைக்காகப் போராடிக்கொண்டிருந்த எரித்திரியாவுக்குப் போனார். ஏழை நாடுகள் லென்ஸை விலைக்கு வாங்கித் தீராது, தாங்களே செய்ய வேண்டும் என்றார். அவர் பெயரால் நிறுவிய அமைப்பின் உதவியோடு, 1993-ல் அவர் இறந்த பிறகு, எரித்திரியாவிலும் நேபாளத்திலும் லென்ஸ் தொழிற்சாலைகள் எழுந்தன.

அரவிந்த் ஆஸ்பத்திரி 2017-ல் நமக்குப் பக்கத்தில் நூம்பலிலேயே வந்துவிட்டது. பணம் உள்ளவன் கொடுக்கும் கட்டணத்தில் இல்லாதவனுக்கும் வைத்தியம் நடக்கிறது. இதை நாம் மதிக்கிறோம். ஆனால் ஒரு நல்ல மனிதர் தொடங்கிய தர்மம் நம் உரிமைக்கு ஈடாகாது. தர்மம் செய்கிறவர் இல்லாத ஊரில் கிழவிகள் குருடாகவே இருக்க வேண்டுமா?

எது உண்மை, எது பூச்சாண்டி?

நாம் விஞ்ஞானத்துக்கு விரோதிகள் அல்ல. விலை கூடிய லென்ஸ் எல்லாமே மோசடி என்று சொன்னால் அது பொய். ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மடியாத லென்ஸ், மடியும் லென்ஸ் என்று இரண்டு. மடியாததை வைக்க ஆறு மில்லிமீட்டர் போல வெட்ட வேண்டும். மடியும் லென்ஸைச் சுருட்டி மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான துவாரத்தில் நுழைக்கலாம். சிறு வெட்டு சீக்கிரம் ஆறும். வெட்டினால் பார்வை கோணுவதும் குறைவு. நல்ல விஷயம்தான். ஆனால் பெரிய வெட்டு என்றால் கண் போய்விடும் என்பது பூச்சாண்டி. தையல் போடாமலே அந்த வெட்டு மூடிக்கொள்ளும்படி செய்யும் முறை வெகுநாளாக இருக்கிறது. நேபாளத்தில் 108 நோயாளிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மெஷின் ஆபரேஷன், மறு பாதிக்குக் கை ஆபரேஷன் செய்து 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்துக் கண்ணாடி போட்டுப் பரிசோதித்ததில் இரண்டு கூட்டத்திலும் 98 சதவீதம் பேருக்கு நல்ல பார்வை!

அடுத்து, நாற்காலி டிக்கெட். மல்டிபோகல் என்பார்கள். கண்ணாடியே இல்லாமல் தூரமும் கிட்டமும் தெரியும் என்பது விளம்பரம். பலருக்கு அப்படித் தெரிகிறது என்பது உண்மை. விளம்பரத்தில் சொல்லாத உண்மை ஒன்றும் உண்டு. அந்த லென்ஸ் உள்ளே வரும் வெளிச்சத்தைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கு போடுகிறது. பங்கு போட்டால் ஆளுக்கு அளவு குறையாதா? மங்கல் வெளிச்சத்தில் பொருளின் விளிம்பு தெளிவாக நிற்காது. ராத்திரியில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். ராத்திரி ஷிப்டு முடிந்து பூவிருந்தவல்லி சாலையில் சைக்கிளில் வருகிற தொழிலாளிக்கு எதிரே வரும் லாரியின் விளக்கு வளையமாகத் தெரிந்தால் என்ன ஆகும்? சர்க்கரை வியாதியால் விழித்திரை கெட்டவர்களுக்கும், கண்ணில் அழுத்த நோயால் நரம்பு கெட்டவர்களுக்கும் இந்த லென்ஸ் பொதுவாக ஏற்றதல்ல. விலை அட்டையைக் காட்டுமுன் விழித்திரையைப் பார்த்தார்களா?

டோரிக் என்று ஒரு வகை. கருவிழி கோணலாக இருப்பவர்களுக்கு அந்தக் கோணலைச் சரிக்கட்டுவது. கோணல் அதிகம் இருந்தால் பிரயோஜனம் உண்டு. கோணல் இல்லாதவனுக்கு அதை விற்பது, நேரான காலுக்கு ஊன்றுகோல் விற்பது. மஞ்சள் லென்ஸ் விழித்திரையைக் காப்பாற்றும் என்று ஒரு கதை. பல ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்து 2018-ல் வெளியிட்ட அறிக்கை அதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்றே சொன்னது.

மிச்சம் இருப்பது சாதாரண ஒற்றைப் பார்வை லென்ஸ். உலகத்தில் மிகப் பெரும்பாலோர் கண்ணில் இருப்பது இதுதான். இது ஒரு தூரத்தைத் தெளிவாகக் காட்டும். எந்தத் தூரம்? அதைத் தீர்மானிப்பது லென்ஸின் பவர். கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்து பவரைக் கணக்கிடுகிறார்கள். அளவு தப்பினால் எண்பத்தைந்தாயிரம் லென்ஸும் தப்பாகத்தான் காட்டும். அளவு சரியாக இருந்தால் இலவச லென்ஸும் தெளிவாகக் காட்டும்.

இங்கேதான் அந்தக் கேள்வி வருகிறது: என்ன வேலை?

வாட்ச்மேன் வேலை செய்கிறவருக்குக் கேட் தாண்டித் தெரிய வேண்டும். அவருக்குத் தூரத்துக்கு வைத்துவிட்டு, படிக்க ஒரு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்தால் போதும். தையல் மெஷினிலோ தறியிலோ நாள் முழுதும் குனிந்திருப்பவர் டாக்டரிடம் அதைச் சொன்னால், கைத்தூரத்துக்குப் பவரை வைத்து, ரோட்டுக்குப் போகும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளும்படி செய்யலாம். இந்தத் தேர்வுக்கு ஒரு பைசா கூடுதல் செலவு கிடையாது. லென்ஸ் அதேதான், பெட்டியில் உள்ள நம்பர்தான் வேறு. உழைக்கிறவனுக்கு உண்மையிலேயே உபயோகமான தேர்வு இது ஒன்று. இதை விலை அட்டையில் காணோம்! விலை இல்லாத சரக்கை எந்த வியாபாரி விளம்பரம் செய்வான்?

நம்மிடம் உள்ள குறை

எல்லாப் பழியையும் எதிரியின் மேல் போட்டுவிட்டு நாம் நழுவக்கூடாது. நம் தோழர் ஒருவரே, தொழிற்சங்கத்தில் இருபது வருஷம் இருப்பவர், சொன்னார்: "ஓசியில் போடுகிற லென்ஸ் ஓசியாகத்தான் இருக்கும் தோழர். நம்ம அம்மாவுக்கு அதைப் போடுவோமா?" சர்க்கார் பள்ளிக்கூடம் மட்டம், ரேஷன் அரிசி மட்டம், சர்க்கார் ஆஸ்பத்திரி மட்டம் என்று நம் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டார்கள்! எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819-ல் தொடங்கியது. உலகத்திலேயே அதைவிடப் பழைய கண் ஆஸ்பத்திரி லண்டனில் உள்ள ஒன்றுதான் என்பார்கள். அங்கே படித்துப் பழகிய கைகள்தான் வெளியே போய் விலை அட்டை வைத்த ஆஸ்பத்திரிகளிலும் கத்தியைப் பிடிக்கின்றன.

பயத்துக்குக் காரணமே இல்லை என்றும் நாம் சொல்லவில்லை. 2008-ல் விழுப்புரம் மாவட்டம் கடுவனூரில் இலவச முகாம் என்று கூட்டிப்போனவர்களில் 66 பேருக்கு, ஆபரேஷனுக்குப் பிறகு கிருமி தொற்றிப் பார்வை போயிற்று. அவர்களில் எத்தனையோ பேர் கூலிக்காரர்கள். அதை மறக்க முடியாது. ஆனால் அங்கே கண்ணைக் கெடுத்தது கிருமி. லென்ஸின் விலை அல்ல. ஆகவே ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டியது "இம்போர்ட்டட் லென்ஸ் இருக்கிறதா?" என்பதல்ல. கருவிகளை ஒவ்வொருவருக்கும் சுத்தப்படுத்துகிறார்களா, மறுநாள் டாக்டர் பார்ப்பாரா, கண் சிவந்து வலித்தால் ராத்திரியில் எங்கே வருவது என்பதைத்தான் கேட்க வேண்டும். லென்ஸ் பெட்டியில் கம்பெனி, பவர், நம்பர், காலாவதித் தேதி எல்லாம் அச்சடித்த ஸ்டிக்கர் இருக்கும். அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் ஒன்று, கண்ணில் ஒன்று என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

அந்த மகனின் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தோம். மாதா மாதம் இ.எஸ்.ஐ. பிடித்தம்! தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம் என்று 2019-லிருந்து நடைமுறை. அவனை நம்பி வாழும் தாய் தகப்பனுக்கும் அதில் வைத்தியம் உண்டு. இது அவனுக்குத் தெரியாது. காண்டிராக்டர் சொல்லவில்லை. கார்டையும் கொடுக்கவில்லை. தாய்க்கு வைத்தியம் செய்யும் உரிமைக்குச் சந்தா கட்டிக்கொண்டே, அதே வைத்தியத்துக்கு வாரவட்டிக்கு அலைந்திருக்கிறான்! அம்பத்தூரில் எத்தனை பேருக்கு இப்படியோ? சங்கத் தோழர்கள் வீடு வீடாகக் கேட்க வேண்டும்.

சர்க்காரிடம் நாம் கேட்பது இதுதான். இருதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட் லட்ச ரூபாய்க்கு மேலும் விற்றது. 2017 பிப்ரவரியில் உச்சவிலை வைத்தார்கள்: சாதாரணமானது 7,260 ரூபாய், மருந்து பூசியது 29,600 ரூபாய். சில வெளிநாட்டுக் கம்பெனிகள் சில ரகங்களை வாபஸ் வாங்க அனுமதி கேட்டுப் பார்த்தன. தேசத்தில் ஸ்டென்ட் இல்லாமல் போய்விடவில்லை. அதே வருஷம் ஆகஸ்டில் முழங்கால் மூட்டுக்கும் உச்சவிலை வந்தது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை 2005-லேயே மருந்துச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தாயிற்று. பிறகு அதற்கும் அப்படி ஓர் உச்சவிலை வைக்க என்ன தடை? இருதயத்துக்கும் முழங்காலுக்கும் உள்ள நியாயம் கண்ணுக்கு இல்லையா?

இன்னொன்று, கூலி. ஆஸ்பத்திரியில் லென்ஸ் இலவசம். ஆனால் பரிசோதனைக்கு ஒரு நாள், அளவெடுக்க ஒரு நாள், ஆபரேஷனுக்கு ஒரு நாள், பிறகு காட்ட இரண்டு நாள். கூட வருகிறவனுக்கும் அத்தனை நாள். இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளிக்குத் தன் நோய்க்கு 70 சதவீதக் கூலி கிடைக்கும். கீரை பறிக்கிறவளுக்கு யார் கொடுப்பது? புழுதியிலும் சேற்றுத் தண்ணீரிலும் இறங்காமல் சில வாரம் இருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். அடுப்பு எரிய வேண்டாமா? விவசாயத் தொழிலாளிக்கும் அந்த நாட்களுக்கு நிவாரணம் வேண்டும்.

ஜாமீன் கையெழுத்தை நாம் போடவில்லை. கம்மல் காதிலேயே இருக்கிறது. இரண்டு நடை அலைந்து, ஒரு முழு நாள் பெஞ்சில் காத்திருந்து, சர்க்கார் ஆஸ்பத்திரியில் அந்த அம்மாளுக்கு வலது கண்ணில் ஒற்றைப் பார்வை லென்ஸ் வைத்தார்கள். "என்ன வேலைம்மா செய்யறீங்க?" என்று அந்த டாக்டர் கேட்டார். "கீரை பறிப்பேன், பூ கட்டுவேன், பஸ் நம்பர் தெரியணும் சாமி" என்றார் அம்மாள். தூரத்துக்கு வைத்து, பூ கட்ட ஒரு வெள்ளெழுத்துக் கண்ணாடி எழுதிக்கொடுத்தார். நாலாம் நாள் நாம் வீட்டுக்குப் போனபோது அவர் முதலில் சொன்னது:

"இன்னா தம்பி, இவ்ளோ நரைச்சிப் போயிட்டே!"

ஸ்டிக்கரை ரேஷன் கார்டின் உறைக்குள் வைத்திருக்கிறார். மகனுடைய இ.எஸ்.ஐ. கார்டு இன்னும் வரவில்லை. கேட்பதற்கு வரும் திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு முன் காண்டிராக்டர் ஆபீசுக்குப் போகிறோம்.